காருக்கொரு நீதி

ஒரு கார் நிறுத்த ஒதுக்கும் இடம் பொதுவாக ஐந்து மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். சதுர அடியில் சொன்னால் ஏறக்குறைய 135. சென்னையின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடிசை போட்டிருந்த மக்களை அப்புறப்படுத்தி, 2000ஆம் ஆண்டையொட்டி கண்ணகி நகரில் குடியேற்றத் தொடங்கினார்கள். அங்கே தொடக்கத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள், அடுப்பு, தண்ணீர்க் குடம், பள்ளிக்கூடப் பை எல்லாம் அதற்குள்தான். பழைய வேலைக்குப் போக வேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். அவர்களைக் காலி செய்யச் சொன்ன அதே நகரத்தின் தெருக்களில், 135 சதுர அடி வீதம் இடம் பிடித்துக்கொண்டு இரவும் பகலும் கார்கள் நிற்கின்றன. வாடகை இல்லை. பட்டா கேட்பார் இல்லை. ஆக்கிரமிப்பு என்று ஒருவரும் சொல்வதில்லை.

பொது இடத்தைச் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்வது குற்றம் என்றால், எடுத்துக்கொண்டவர் யார் என்பதைப் பொறுத்து அந்தக் குற்றம் மாறுமா?

மாறாது என்றுதான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பம்பாய் நடைபாதைகளில் வசித்தவர்களை 1981இல் அப்புறப்படுத்த முனைந்தபோது, பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தார்கள். 1985இல் வந்த தீர்ப்பு, பிழைப்புக்கான உரிமையும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் நடைபாதை நடப்பவர்களின் வசதிக்கானது, அதைத் தனிப்பட்ட பயனுக்கு எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை, முறையாக அறிவிப்புக் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்று முடித்தது. படுக்க வேறு இடமே இல்லாத மனிதனுக்கு இதுதான் சட்டம். அவனுக்குப் பொருந்திய சட்டம், வீடும் அந்த வீட்டுக்கு முன்னால் காரும் வைத்திருப்பவருக்கு இன்னும் கண்டிப்பாக அல்லவா பொருந்த வேண்டும்? நாற்பது ஆண்டுகளாக அந்தத் தீர்ப்பின் நிழலில் குடிசைகள் இடிபட்டன. நடைபாதையில் ஏறி நின்ற கார்களுக்கு எதிராக அதே வேகத்தில் எந்த நகராட்சியும் கிளம்பியதில்லை.

சாலையோர வியாபாரிகளுக்கு 2014இல் தனிச் சட்டம் வந்தது. அவர்களைப் பாதுகாக்க வந்த சட்டம் அது. நான் அதை வரவேற்கிறவன். ஆனால் அதில் உள்ள நிபந்தனைகளைப் பாருங்கள். கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும். விற்பனைச் சான்று வாங்க வேண்டும். அனுமதித்த இடத்தில், அனுமதித்த நேரத்தில்தான் உட்கார வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். நிபந்தனை மீறினால் 2,000 ரூபாய் வரை அபராதம். பொருளைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு பூக்காரம்மா உட்காரும் இடம் ஒரு கோணிச் சாக்கு அகலம். அவர் அங்கே உட்கார்ந்தால் தெருவுக்கு ஒரு சேவை கிடைக்கிறது. நாலு பேர் நின்று பேசுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு அந்த மூலையைத் தனியாகக் கடக்கும் பெண்ணுக்குத் துணையாக ஒரு விளக்கு எரிகிறது. கவர் போட்டு மூடி, வாரக் கணக்கில் அசையாமல் நிற்கும் காரால் தெருவுக்கு என்ன கிடைக்கிறது? அதன் முதலாளி எந்தச் சான்றும் வாங்கவில்லை. எந்தக் குழுவின் முன்னும் கைகட்டி நிற்கவில்லை. மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவில் முதல் தடவை 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500.

பிழைக்க உட்கார்ந்தவருக்கு 2,000 வரை. வசதிக்காக நிறுத்தியவருக்கு 500. குலத்துக்கொரு நீதி என்று நாம் எதை எதிர்த்தோமோ, அதன் வடிவம்தான் இது. பிறப்பு இருந்த இடத்தில் சக்கரம் வந்திருக்கிறது.

இந்த ஒப்பீட்டைப் பொறுப்போடுதான் சொல்கிறேன். தீண்டாமையின் கொடுமையையும் நடைபாதையில் ஒரு கார் நிற்பதையும் சமமாக்க எனக்கு மனம் வராது. ஆனால் தமிழ்நாட்டின் பகுத்தறிவு இயக்க வரலாற்றில் பெரிய போராட்டங்களில் ஒன்று, கோயிலுக்குள் நுழைவதற்காக நடந்ததல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1924இல் வைக்கத்தில் கேட்டது தெருவில் நடக்கும் உரிமை. கோயிலைச் சுற்றிய பொதுச் சாலைகளில் ஒடுக்கப்பட்டவர்கள் நடக்கக் கூடாது என்றிருந்த தடையை எதிர்த்துத்தான் பெரியார் அங்கே போனார், இரண்டு முறை சிறைப்பட்டார். பொதுச் சாலை எல்லாருக்கும் பொது, அதில் மேலோன் கீழோன் கிடையாது என்பதுதான் அந்தப் போராட்டத்தின் அடிப்படை. அதன் நூற்றாண்டைக் கொண்டாடி முடித்துவிட்டோம். விழா மேடைக்கு வந்தவர்களின் கார்கள் எங்கே நின்றன என்று அந்தந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இது கடவுள் நம்பிக்கை பற்றிய சண்டையும் அல்ல. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலிலும், தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் தெருவிலும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சாலையிலும், நாத்திகர் கூட்டம் நடக்கும் மண்டபத்தின் முன்னும் நடைபாதை ஒரே மாதிரிதான் மறைந்துபோகிறது. ஆனால் நம்பிக்கையாளர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. புதுக் கார் வாங்கியதும் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறீர்கள். வீடு கட்டும்போது ஈசானிய மூலையில் எது வரலாம், எது வரக் கூடாது என்று வாஸ்து பார்த்து அங்குலம் அங்குலமாக இடம் விடுகிறீர்கள். அந்த வரைபடத்தில் கார் நிற்கும் இடம் என்று காட்டி அனுமதி வாங்கிய தரைத்தளம், பிறகு கடையாகவோ வாடகைப் போர்ஷனாகவோ மாறி, கார் தெருவுக்கு வந்துவிடுகிறதே, அது எந்தச் சாஸ்திரத்தில் சரி? திருஷ்டி படக் கூடாது என்று கவலைப்படும் மனம், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி நடுச்சாலைக்கு இறங்கும் தாயைப் பற்றி ஏன் கவலைப்படவில்லை? கண்ணுக்குத் தெரியாத தீங்குக்கு இவ்வளவு அஞ்சுகிற நாம், கண்முன் நடக்கும் தீங்கைப் பார்ப்பதே இல்லை.

"நான்தான் ரோடு டாக்ஸ் கட்டியிருக்கிறேனே" என்ற பதில் உடனே வரும். கட்டியது வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கு. சாலையைச் சொந்த ஷெட்டாக வைத்துக்கொள்ள அல்ல. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், இலவசமாகக் கார் நிறுத்துவதற்குச் சமூகம் கொடுக்கும் விலையைப் பற்றியே 2005இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஒரு கார் தன் ஆயுளில் 95 சதவீத நேரம் சும்மா நிற்கிறது என்பது அவர் போட்ட கணக்கு. அப்படியானால் காரின் உண்மையான தேவை ஓடும் இடத்தைவிட நிற்கும் இடம்தான். அந்த இடத்தின் விலையைக் கார் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. வாங்காதவர்களின் தலையில் அது விழுகிறது. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் அரசுக்கு வரி கட்டுகிறார். அந்தப் பணத்திலும்தான் தெரு போட்டிருக்கிறது. அவர் அந்தத் தெருவில் 135 சதுர அடி எடுத்துக்கொண்டு ஒரு கட்டில் போட்டுப் படுத்தால் விடுவோமா?

2021இல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, இலவசம் நாட்டைக் கெடுத்துவிடும் என்று பேசிய வாய்கள் எத்தனை! வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண் பஸ்ஸில் இருக்கும் ஒரு சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து போவது இலவசம். நகரத்தின் விலை உயர்ந்த மண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் ஒரு தனியார் பொருளை வைத்திருப்பதற்கு என்ன பெயர்? தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006லேயே சொல்லிவிட்டது, கார் நிற்கும் நிலத்தின் உண்மையான மதிப்பைக் காட்டும் அளவுக்குப் பார்க்கிங் கட்டணம் உயர்வாக இருக்க வேண்டும் என்று. சென்னையில் கட்டணம் வைத்த பல சாலைகளில் காருக்கு மணிக்கு 20 ரூபாய் என்றார்கள். ஒரு டீயும் ஒரு வடையும் அந்தக் காசுக்கு வராது. அதைக் கேட்டதற்கே வசூலிக்க வந்த பையனிடம் நம் ஆட்கள் போட்ட சண்டையை நான் நின்று பார்த்திருக்கிறேன். பத்து லட்ச ரூபாய்க் காரின் கண்ணாடி பாதி இறங்கி, யார் தெரியுமா நான் என்ற குரல் வெளியே வரும்.

அந்தக் குரல்தான் ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுகிறது. வழக்கறிஞர், பத்திரிகை, காவல், அரசு, கட்சிக் கொடி, சாதிச் சங்கத்தின் சின்னம், தலைவரின் படம். 2024 மே மாதம் முதல் இப்படிப்பட்ட அனுமதியில்லாத ஸ்டிக்கர்களுக்கு அபராதம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. உடனே எங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று சில தரப்புகள் கேட்டன. நோ பார்க்கிங் பலகைக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போகும்போது, "நான் சாதாரண ஆள் இல்லை" என்று போலீஸுக்குச் சொல்லும் அடையாளம் அது. நெற்றியிலும் தோளிலும் இருந்த மேன்மையின் குறியை எதிர்த்து வளர்ந்த ஒரு சமூகம், அதையே வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுயமரியாதை என்பது வரிசையில் எல்லாரோடும் நிற்கும் துணிவு. விலக்குக் கேட்பது அதற்கு நேர் எதிர்.

இன்னொரு வகை உண்டு. கார் இல்லாதபோதும் இடத்தை விடாதவர்கள். பொதுச் சாலையில் வாளியில் சிமென்ட் ஊற்றிக் கம்பி நட்டு, சங்கிலி கட்டி, பூந்தொட்டி வைத்து, கேட் முன்னால் வண்டி நிறுத்தாதே, டயர் பஞ்சராகும் என்று எழுதி வைப்பார்கள். கேட்டை மறைக்கக் கூடாது என்பது நியாயம். கேட்டுக்கு இரண்டு பக்கமும் இருபது அடிக்கு உரிமை கொண்டாடுவது நியாயமல்ல. இப்படித் தனியார் வைத்த பலகைகளையும் தடுப்புகளையும் அகற்றச் சொல்லிச் சென்னைக் காவல்துறை எச்சரித்த பிறகும் தெருவுக்குத் தெரு அவை நிற்கின்றன.

அபராதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் அநீதி எண்களாகவே எழுதப்பட்டிருக்கிறது. 177ஆம் பிரிவின் 500 ரூபாய் எல்லா வண்டிக்கும் ஒன்று. உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞனின் பழைய பைக்குக்கும் 500. நாற்பது லட்ச ரூபாய் எஸ்யூவிக்கும் 500. முதலாமவனுக்கு அது ஒரு நாள் உழைப்பு, சில நாள் அதற்கும் மேல். இரண்டாமவருக்கு அது கட்டணம், அவ்வளவுதான். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. குழந்தையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் போட்டார்கள். தாமதமாக வருகிறவர்கள் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானார்கள். அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. காசு கொடுத்ததும் கூச்சம் போய்விட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் அந்தக் கூச்சம் திரும்பவில்லை. வசதியுள்ளவனிடம் 500 ரூபாய் வாங்கும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம், தவறு செய்யும் உரிமையை அவனுக்கு மலிவாக விற்கிறோம்.

ஃபின்லாந்தில் அளவு மீறிய வேகத்துக்கான அபராதம் ஓட்டுநரின் வருமானத்தைப் பார்த்து விதிக்கப்படுகிறது. 2023இல் ஒரு தொழிலதிபருக்கு அப்படி வந்த தொகை 1,21,000 யூரோ. நாம் வருமானம் வரை போக வேண்டாம். வண்டியின் விலை ஆயுட்கால வரி கட்டிய பதிவேட்டிலேயே இருக்கிறது. அந்த விலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், எண்பதாயிரம் ரூபாய் பைக்குக்கு 80, நாற்பது லட்ச ரூபாய்க் காருக்கு 4,000. இரண்டு பேருக்கும் ஒரே அளவு உறைக்கும். இதைச் செய்யச் சட்டத்தைத் திருத்த வேண்டும். திருத்தட்டும். 2019இல் அபராதங்களைப் பல மடங்கு உயர்த்தத் திருத்தினார்கள்தானே.

அதே 2019 திருத்தத்தில் 194ஈ என்று ஒரு பிரிவு வந்தது. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ஒதுங்கி வழிவிடாத ஓட்டுநருக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நல்ல சட்டம். ஆனால் திருவல்லிக்கேணியிலோ மேற்கு மாம்பலத்திலோ, இரண்டு பக்கமும் கார் நிற்கும் சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அங்கே வழிவிடாதது யார்? ஓடும் கார் தடுத்தால் பத்தாயிரம்; தூங்கும் கார் தடுத்தால் ஐந்நூறு. தடுக்கப்பட்ட நோயாளியின் நெஞ்சுவலிக்கு இந்த வேறுபாடு தெரியுமா?

"நம்ம ஜனங்க திருந்தவே மாட்டாங்க" என்பது எல்லா வாதத்தையும் முடித்துவைக்க நாம் வைத்திருக்கும் மந்திரம். தலைவிதிக்கு இன்னொரு பெயர்தான் அது. நியூயார்க்கில் ஐ.நா. தூதரக அதிகாரிகளின் கார்களுக்கு அபராதச் சீட்டு ஒட்டலாம், ஆனால் வசூலிக்க முடியாது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 1997 முதல் 2002 வரை கட்டாமல் கிடந்த சீட்டுகள் 1,50,000க்கு மேல், தொகை 180 லட்சம் டாலருக்கு மேல் என்று ஃபிஸ்மன், மிகேல் என்ற இரு பொருளியலாளர்கள் கணக்கெடுத்தார்கள். ஊழல் மிகுந்த நாடுகளின் அதிகாரிகள் அதிகம் மீறினார்கள். ஸ்வீடன், நார்வே, ஜப்பான் போன்ற நாட்டுக்காரர்கள் தண்டனை இல்லாதபோதும் அநேகமாக மீறவே இல்லை. இத்தோடு நிறுத்தினால் நம் மந்திரம் ஜெயித்த மாதிரி இருக்கும். 2002 இறுதியில், பாக்கி சேர்ந்தால் தூதரக நம்பர் பிளேட்டையே பிடுங்கும் அதிகாரம் நகருக்கு வந்தது. மீறல்கள் ஏறக்குறைய 98 சதவீதம் சரிந்தன. அந்த அதிகாரிகளின் ரத்தமோ பண்பாடோ ஒரே இரவில் மாறிவிடவில்லை. விதிவிலக்கு போனது, ஒழுங்கு வந்தது.

ஜப்பானியரின் ஒழுக்கத்தைப் புகழ்கிறவர்கள் அங்கே 1962இல் வந்த ஒரு சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கார் நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்காமல் அங்கே பொதுவாகக் கார் பதிவாகாது. அந்த இடமும் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தெருவை ஷெட்டாக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

பார்க்கிங் பணம் நகராட்சிக்கு இன்னொரு வருமானமாகிவிடும் என்ற அச்சத்தை நான் ஒதுக்கமாட்டேன், அது நியாயமானது. லண்டனின் பார்னெட் கவுன்சில் 2011இல் குடியிருப்பாளர் பார்க்கிங் அனுமதிக் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டுக்கு ஏற்றியது. வேறு செலவுகளுக்குப் பணம் திரட்ட இப்படி ஏற்றுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் பாசடேனாவில் பழைய கடைத்தெருவில் 1993இல் மீட்டர் வைத்தபோது, அந்தப் பணம் அந்தத் தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்குமே செலவாகும் என்று வாக்குறுதி கொடுத்துத்தான் வைத்தார்கள். நடைபாதை கண்முன் சீரானதைக் கடைக்காரர்கள் பார்த்தார்கள். வசூலித்த காசு எங்கே போனது என்று தெருப் பலகையிலேயே எழுதிவைத்தால் இங்கேயும் பாதிச் சண்டை தீரும்.

நடக்க முடியாதவர்களுக்கு, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு, வாசல் வரை கார் வேண்டும். கட்டாயம் வேண்டும். அவர்களுக்கு இடம் இருக்க வேண்டுமென்றால் மற்றவர்கள் விலக வேண்டும். விதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. இப்போது நடைபாதையில் சக்கர நாற்காலி போகவே முடியாததற்குக் காரணம், அதன் மேல் நிற்கும் பைக்குகளும் கார்களும்தான்.

சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், தடையில்லாத நடைபாதை என்பது வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொள்கை இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. கேட்கும் ஆட்கள் வேண்டும். 2022 முதல் நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. உங்கள் பகுதியில் அடுத்துக் கூடும்போது போங்கள். நம் வார்டில் எந்தெந்தத் தெருவில் நடைபாதை மறிக்கப்பட்டிருக்கிறது, எந்தத் தெருவில் ஆம்புலன்ஸ் நுழையாது, கார் நிறுத்த இடம் காட்டி அனுமதி வாங்கிய எத்தனை கட்டடங்களில் இப்போது அந்த இடம் இல்லை என்று பட்டியல் கேளுங்கள். கவுன்சிலரின் பதில் பதிவேட்டில் எழுதப்படும் வரை எழுந்து வராதீர்கள். போவதற்கு முன், உங்கள் கார் நடைபாதையில் நின்றால் அதை எடுத்துவிட்டுப் போங்கள்.